நாய் மேல் புகார், வாசலில் மாநகராட்சி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள், அதிகாரிகள் வீட்டுக்கு வருகிறார்கள், என்ன செய்வது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு மடிப்பாக்கத்தில் தனி வீடு. ஒரு லாப்ரடார், தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வளர்த்த ஒரு நாட்டு நாய், இரண்டு இருக்கின்றன. பகலில் இரண்டையும் மொட்டை மாடியில் ஷீட் போட்ட பக்கமாகக் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவோம். போன வாரம் மாநகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து, நாய்களைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது, பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்கள். வீட்டில் இருந்தது மாமியார் மட்டும். பயந்துபோய் கேட்டைத் திறக்கவில்லை. மறுபடி வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். நாய்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? கொஞ்ச நாளைக்குத் தாம்பரத்தில் அண்ணன் வீட்டில் விட்டுவைக்கலாமா? லாப்ரடாருக்கு ஊசி போட்ட புத்தகம் இருக்கிறது. உரிமம் இரண்டுக்குமே எடுக்கவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அண்ணன் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், அம்மா. இப்படி ஒரு புகார் வந்ததும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், இருப்பதிலேயே கெடுதலானதும் இதுதான். வந்தவர்கள் மறுபடி வரும்போது நாய் இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார், ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்பார். அதுவரை வெறும் விசாரணையாக இருந்தது அதற்குப் பிறகு சந்தேகமாகிவிடும். போதாததற்கு, பழக்கமில்லாத வீட்டில் திடீரென்று கொண்டுபோய்க் கட்டினால் நாட்டு நாய் முதல் நாளே அவிழ்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும், இல்லையென்றால் அங்கே யாரையாவது கடித்துவைக்கும். அப்புறம் அது வேறு ஒரு புகார்.

வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று புரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். யாரோ மாநகராட்சியின் புகார் எண் 1913க்குப் பேசியிருப்பார்கள், இல்லை ஆன்லைனில் போட்டிருப்பார்கள். அந்தப் புகாருக்கு ஒரு எண் விழுந்திருக்கும். அதை முடித்துவைக்க சுகாதாரப் பிரிவு ஊழியரோ கால்நடைப் பிரிவு ஊழியரோ நேரில் பார்த்து ஏதாவது எழுதியாக வேண்டும். கேட்டைத் திறக்கவில்லை என்றால் அவர் எழுதக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: உரிமையாளர் ஒத்துழைக்கவில்லை. அதனால் அவர்கள் மறுபடி வரும் வரை காத்திருக்காமல் நீங்களே உங்கள் மண்டல அலுவலகத்துக்குப் போய், இந்த முகவரிக்கு வந்திருந்தீர்கள், வீட்டில் பெரியவர் மட்டும் இருந்தார், எப்போது வருகிறீர்கள் என்று சொன்னால் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். தேடிவந்து பேசுகிறவரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை, என் அனுபவத்தில் பார்த்ததே இல்லை.

மாமியாரையும் குறை சொல்லாதீர்கள். தனியாக இருக்கிற வயதானவர் முன்பின் தெரியாதவர்களுக்குக் கேட்டைத் திறக்காதது சரிதான். அடுத்த முறை என்றால் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி, பெயர், துறை, புகார் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிவைத்துவிட்டு, மகனும் மருமகளும் சாயந்திரம் இருப்பார்கள் என்று சொன்னால் போதும்.

இனி உரிமம். சென்னையில் நாய்க்கு உரிமம் கட்டாயம், 2025 கடைசியிலிருந்து மைக்ரோசிப்பும் (நாயை அடையாளம் காட்டும் எண் பதிந்த சிப்) சேர்த்துத்தான். கெடுவை ஒன்றிரண்டு முறை தள்ளிவைத்தார்கள், அதற்கும் எடுக்காதவர்களுக்கு அபராதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். உரிமக் கட்டணமோ வருடத்துக்கு 50 ரூபாய்தான். அந்த 50 ரூபாய் வேலையைத் தள்ளிப்போட்டதால்தான் நிறையப் பேர் இன்றைக்குப் பயந்துகொண்டிருக்கிறார்கள். இன்றே விண்ணப்பியுங்கள். மாநகராட்சி இணையதளத்திலேயே செய்துவிடலாம்; உங்கள் முகவரிச் சான்று, நாயின் படம், ரேபிஸ் ஊசிச் சான்றிதழ் வேண்டியிருக்கும். நாட்டு நாய்க்கு ஊசிப் புத்தகம் இல்லை என்கிறீர்கள், ஆகவே முதலில் அதற்கு ஊசி. திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் என்று மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, ஊசியும் சிப்பும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். சிப் ஒரு அரிசி அளவுதான் இருக்கும், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலுக்கு அடியில் ஊசியில் ஏற்றுவார்கள். தெருவிலிருந்து எடுத்த நாய்க்கு உரிமம் தர மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாட்டு நாயோ லாப்ரடாரோ, வீட்டு நாய் என்றால் ஒரே உரிமம்தான். வருகிறவர் அபராதம் போட்டால் கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அபராதம் போட்டதாலேயே நாயைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று அர்த்தமில்லை.

ஆனால் எனக்கு உங்கள் கடிதத்தில் கவலை தந்தது உரிமம் இல்லை, மொட்டை மாடி.

பார்க்க வருகிற கால்நடை மருத்துவரின் கண் முதலில் எங்கே போகும் தெரியுமா? கழுத்துக்கு. பட்டையைத் தூக்கி அடியில் முடி கொட்டியிருக்கிறதா, தோல் தடித்துக் கறுத்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் தண்ணீர்ப் பாத்திரம். அடியில் பாசி படிந்திருந்தால் அது எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவப்படுகிறது என்று யாரும் சொல்லவே வேண்டாம். சங்கிலி உரசி உரசித் தரையில் அரை வட்டமாக ஒரு தடம் விழுந்திருக்கும், அந்த நாய் தினமும் எவ்வளவு நேரம் கட்டிக்கிடக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கால் நகம் வளைந்து நீண்டிருந்தால் நடக்கவே விடுவதில்லை என்று தெரிந்துவிடும். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11, இதையெல்லாம் பெயர் சொல்லியே குற்றம் என்கிறது: நியாயமில்லாத நேரத்துக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டுவது, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பது, தீனியும் தண்ணீரும் நிழலும் தராமல் இருப்பது. சென்னை வெயிலில் தகர ஷீட்டுக்கு அடியில் நிழல் இருக்கும், குளிர்ச்சி இருக்காது. லாப்ரடாருக்கு அந்தச் சூடு உயிருக்கே ஆபத்து. ஒருவேளை புகார் கொடுத்தவர் நாய் குலைக்கிறது என்று கொடுக்காமல், பாவம் வெயிலில் கிடக்கிறது என்று கொடுத்திருந்தால்? அவரை விரோதியாக நினைக்க முடியுமா?

நாய்களைக் கீழே கொண்டுவாருங்கள். வீட்டுக்குள் ஒரு அறை, இல்லையென்றால் பின்பக்கத் தாழ்வாரம், மேலே ஒரு மின்விசிறி. காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு நடை, வந்ததும் ஒரு நடை. பகலில் யாரும் இல்லாமல் மாடியில் கட்டிக்கிடக்கிற நாய் குலைக்கத்தான் செய்யும், ஆகவே குலைப்புப் புகாராகவே இருந்தாலும் மருந்து இதுதான்.

அவர்கள் வரும் நாளில் நாய்க்குச் சோறு வைக்கிறவர் யாரோ அவர் கையில் கயிறு இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாகக் காட்டாதீர்கள், ஒன்றைக் காட்டி உள்ளே விட்டுவிட்டு அடுத்தது. புது ஆளைக் கண்டால் நாட்டு நாய் பயப்படும் என்றால் கூடை மாதிரி இருக்கிற வாய்மூடியை முன்கூட்டியே வாங்கிப் பழக்குங்கள், அதில் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியும், தண்ணீரும் குடிக்க முடியும். வாயை இறுக்கிப் பிடிக்கிற துணி வாய்மூடி வெயில் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

ஏதாவது தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள். ஒப்புக்கொள்ள முடியாத வரி இருந்தால் அதற்குக் கீழே உங்கள் கையாலேயே உங்கள் பக்கத்தை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வதைத் தடுப்புச் சட்டப்படி ஒரு பிராணியைக் கைப்பற்ற வேண்டுமென்றால் காவலர் பதவிக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரியோ மாநில அரசு அதிகாரம் கொடுத்தவரோதான் செய்ய முடியும், செய்தாலும் மாஜிஸ்ட்ரேட்டிடமோ அதற்குரிய கால்நடை அதிகாரியிடமோ கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அது பிரிவு 34. ஆக, வந்த இடத்தில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது அத்தனை சுலபமில்லை. அப்படியும் எடுத்துப்போவதாகச் சொன்னால் எந்தப் பிரிவின்படி, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சத்தம் போடாமல் கேளுங்கள், வழியை மறிக்காதீர்கள்.

புகார் கொடுத்தது யார் என்று தேடிக்கொண்டு போகாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாய் கேட் திறந்திருந்தபோது வெளியே போய்த் தெருவில் ஒரு பையனைக் கடித்துவிட்டது. லேசான பல்தான் பட்டது, சிகிச்சைச் செலவைக் கொடுத்துவிட்டோம். ஆனாலும் புகார் கொடுத்திருக்கிறார்கள். நாயைக் கொன்றுவிடுவார்களா?
– வாசகர், ஆவடி

பதில்: கொல்ல மாட்டார்கள். ஆனால் கடி என்பது குலைப்பு மாதிரி இல்லை, இதில் உங்கள் பக்கம் நின்று பேச எனக்கு மனம் வரவில்லை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறியது நினைவிருக்கும். அன்றிலிருந்து கடிப் புகார் என்றால் எல்லா ஊரிலும் வேகமாகத்தான் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும்.

லேசான பல் என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பையனுக்கு முழு ஊசியும் போட்டு முடிக்கிறார்களா என்று நீங்களே போய்க் கேளுங்கள். உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் சரி. ரேபிஸ் வந்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. கடித்த நாளிலிருந்து 10 நாள் உங்கள் நாயைக் கண்காணிப்பில் வைக்க வேண்டும். அதிகாரி வந்து கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான்: நாய் எங்கே, உயிரோடு இருக்கிறதா, சாப்பிடுகிறதா, ஊசிச் சான்றிதழ் எங்கே. அந்தப் பத்து நாளும் நாய் வீட்டிலேயே, கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். வேறு ஊருக்கு அனுப்பினீர்களென்றால் பையனின் பெற்றோருக்கு அதைவிடப் பெரிய பயம் இருக்காது. சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தன் பிராணியால் மற்றவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 291இன்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். செலவைக் கொடுத்தது நல்லது, அதோடு கேட்டுக்குத் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் போட்டுவிட்டு, வருகிற அதிகாரியிடம் அதையும் காட்டுங்கள்.

கேள்வி: அடுக்குமாடியில் இருக்கிறோம். எங்கள் பொமரேனியன் குலைக்கிறது என்று அசோசியேஷன் செயலாளர் தினமும் சண்டை. மாநகராட்சியில் சொல்லி நாயை எடுத்துப்போக வைப்பேன், லிஃப்டில் ஏற்றக்கூடாது என்கிறார். முடியுமா?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: குடியிருப்பில் நாய் வளர்க்கக் கூடாது என்று அசோசியேஷன் தடைபோட முடியாது, பெரும்பான்மை ஓட்டு எடுத்தாலும் முடியாது. குலைப்பதைக் காரணம் காட்டியும் முடியாது, லிஃப்டில் வராதே என்று சொல்லவும் முடியாது. அதை அச்செடுத்து ஒரு கடிதத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், வாய்ச்சண்டை வேண்டாம்.

ஆனால் ஒன்று. நைட் டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் பக்கத்து வீட்டில் இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். நீங்கள் வெளியே போனபின் அது எவ்வளவு நேரம் குலைக்கிறது என்று போனை வீட்டில் வைத்துப் பதிவுசெய்து கேட்டுப்பாருங்கள். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டாலே பாதி குறையும், பொமரேனியன் குலைப்பது பெரும்பாலும் வெளியே போகிற வருகிற ஆட்களைப் பார்த்துத்தான்.

கேள்வி: ஆறேழு வருடமாக எங்கள் வீட்டு வாசலில் தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். யாரோ புகார் கொடுத்து வண்டி வந்து நான்கையும் பிடித்துக்கொண்டு போய்விட்டது. நாய்கள் உங்களுடையதா என்று என்னிடம் கேட்டார்கள், ஆமாம் என்று அழுதுவிட்டேன். திரும்பி வருமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மனசு கஷ்டமாகிவிட்டது. பெரும்பாலும் வரும், ஆனால் நீங்கள் சும்மா இருந்தால் வராமலும் போகலாம்.

2023இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெரு நாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, காதில் அடையாள வெட்டு போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது, வெறி பிடித்த நாய்க்கும் மூர்க்கமாக இருக்கிற நாய்க்கும் மட்டும் விலக்கு. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கிற நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தால், நாய்கள் பிடிபட்டது பள்ளி வளாகத்தில் இல்லை, தெருவில்தான் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது ரொம்ப முக்கியம். நாய்களின் படங்களையும் எடுத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போங்கள், எந்த மையத்தில் வைத்திருக்கிறார்கள், என்றைக்கு விடுவார்கள் என்று கேளுங்கள், மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஏற்கனவே கருத்தடை ஆன நாய் என்றால் காது வெட்டு தெரிகிற படம் ஒன்றே போதும்.

அழுததில் தவறே இல்லை, ஆனால் இனிமேல் யார் கேட்டாலும் தெரு நாய்கள், நான் சோறு வைக்கிறேன் என்றே சொல்லுங்கள். உங்களுடையது என்று எழுதிவிட்டால் உரிமம் எங்கே, ஏன் தெருவில் விட்டாய் என்று கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். சோறு வைக்கிற இடத்தையும் மாற்றுங்கள். குழந்தைகள் விளையாடுகிற இடம், ஆட்கள் அதிகம் போய்வருகிற வாசல், மாடிப்படி இதையெல்லாம் தவிர்க்கச் சொல்லி அந்த விதியிலேயே இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் வைக்க வேண்டும் என்றது, உங்கள் வார்டில் அந்த இடம் எது என்று கேட்டுவாங்குங்கள். சாப்பிட்டு முடித்ததும் இலையை, பேப்பரை எடுத்துப்போட்டுக் கழுவிவிட்டால், நாய் பிடிக்காதவர்களில் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: வீட்டில் பச்சைக் கிளி வளர்க்கிறோம், பத்து வருடமாகிறது. வனத்துறையிலிருந்து வரப்போவதாக ஒருவர் சொன்னார்.
– வாசகர், மதுரை

பதில்: இதில் தப்பிக்க வழி சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் பச்சைக் கிளி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, கூண்டில் வைப்பதே குற்றம், சிறைத்தண்டனை வரைக்கும் போகலாம். எவ்வளவு பாசமாக வளர்த்தாலும் அதே சட்டம்தான். அவர்கள் வரும் வரை இருக்காதீர்கள், நீங்களே வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஒப்படையுங்கள். தயவுசெய்து பயத்தில் கூண்டைத் திறந்து பறக்கவிட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கூண்டில் இருந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, காக்கையிடமிருந்து தப்பிக்கவும் தெரியாது.

கேள்வி: நான் மறுபக்கத்திலிருந்து கேட்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு நாயைக் கார் ஷெட்டில் எந்நேரமும் கட்டியே வைத்திருக்கிறார்கள். ராத்திரியெல்லாம் அழுகிறது. புகார் கொடுத்தால் பகையாகுமே என்று தயக்கம்.
– வாசகர், திருச்சி

பதில்: முதலில் ஒரு முறை நேரில் போய்ப் பேசுங்கள். குறை சொல்லிப் பேசாமல், சாயந்திரம் நான் வாக்கிங் போகும்போது கூட்டிப்போகட்டுமா என்று கேட்டுப்பாருங்கள். நிறைய வீடுகளில் ஆசைப்பட்டு வாங்கிய பையன் படிக்க வெளியூர் போயிருப்பான், நாய் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். அவர்களுக்கே அது பாரமாக இருக்கும்.

கேட்கவில்லையென்றால் தயங்காமல் புகார் கொடுங்கள். உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ தெரிகிற மாதிரி காலை, மதியம், இரவு என்று தேதியோடு சில நாள் படம் எடுங்கள், சுவர் ஏறிப் போய் எடுக்காதீர்கள். அதை வைத்து உள்ளூர் காவல் நிலையத்திலும் மாவட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திலும் எழுத்தில் கொடுங்கள், விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிரிவு 11 என்று குறிப்பிடுங்கள். விலங்கு நலத் தன்னார்வலர்களைக் கூப்பிட்டால் வந்து பேசுவார்கள், உதவுவார்கள், ஆனால் அவர்களாக ஒரு வீட்டுக்குள் நுழைந்து நாயை எடுத்துவர அதிகாரம் கிடையாது, போலீஸ் கூட வர வேண்டும். தண்டனையை நம்பி மட்டும் இருக்காதீர்கள். இந்தக் குற்றத்துக்கு முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய், பல பத்தாண்டுகளாக அப்படியே இருக்கிறது, எனக்கு அதில் தீராத கோபம். ஆனாலும் ஒரு போலீஸ்காரரும் ஒரு கால்நடை மருத்துவரும் வாசலில் வந்து நின்று, இந்தச் சங்கிலியை ஏன் இவ்வளவு குட்டையாகப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாலே பல வீடுகளில் மறுநாள் நாய் அவிழ்க்கப்படுகிறது. எழுதிக் கொடுத்துவிட்டு என்ன நடந்தது என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.